அன்பில்லாமை என்ற குற்றம்: 124-ஏ பிரிவும் 1908-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வழக்கும்

ஒருவர் மீது 124-ஏ பிரிவின்கீழ் வழக்குப் பதியப்பட்டால் அதைத் 'தேசத்துரோக வழக்கு' என்று எழுதுவது தமிழ் நாளேடுகளில் நெடுநாள் பழக்கமாக இருந்துவந்தது. அது தவறான சொல். தவறு சிறியதும் அன்று. 1870-இல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குள் நுழைக்கப்பட்ட அந்தப் பிரிவு, தேசத்தின்மீது ஒருவருக்கு இருக்க வேண்டிய பற்றைப் பற்றி எதுவும் பேசவில்லை. அது பேசியதெல்லாம் சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கத்தைப் பற்றியும், அந்த அரசாங்கத்தின்மீது குடிமக்கள் கொள்ளும் உணர்வைப் பற்றியும்தான். நூறாண்டுகளுக்கு முன் தமிழில் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார்கள். அவர்கள் ராஜத்துரோகம், ராஜநிந்தனை, ராஜத்துவேஷம் என்ற சொற்களை வழங்கினார்கள். மூன்றனுள் ராஜத்துவேஷம் என்பதே சட்டத்தின் உட்கருத்துக்கு மிக நெருங்கிய சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் துவேஷம் என்பது மனத்தில் இருப்பது. அந்தப் பிரிவும் மனத்தில் இருப்பதைத்தான் தண்டிக்க முனைந்தது. ராஜனை எதிர்ப்பது என்பது தேசத்துக்குத் துரோகம் செய்வது என்று எப்போது பொருள் மாறியதோ, அப்போதே அந்தச் சட்டத்தின் மீதான நியாயமான ஐயங்கள் பாதி மறைந்துபோயின.

இந்தச் சட்டம் உருவான விதத்திலேயே ஒரு விசித்திரம் உண்டு. மெக்காலே தலைமையில் அமைந்த முதல் சட்ட ஆணையம் 1837-இல் தயாரித்த வரைவில் இதற்குரிய பிரிவு 113 என்ற எண்ணில் இடம்பெற்றிருந்தது. ஆனால் 1857-ஆம் ஆண்டின் எழுச்சி அடக்கப்பட்டு, 1860-இல் தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. பத்தாண்டுகள் கழித்து, அரசப் பிரதிநிதியின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், அது தவறுதலாக விடுபட்டுப் போயிற்று என்று சொல்லி, 1870-ஆம் ஆண்டின் 27-ஆவது சட்டத்தின் வழியாக அதை 124-ஏ என்ற எண்ணுடன் சேர்த்தார். வஹாபி இயக்கத்தினரின் பிரச்சாரம் குறித்த அச்சம் அப்போது அரசுக்கு இருந்தது. இந்தியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத சபை அதை நிறைவேற்றியது. பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ காணத்தகும் உருவத்தாலோ அரசாங்கத்தின்மீது 'டிஸ்அஃபெக்ஷன்' (பற்றின்மை) என்ற உணர்வைத் தூண்டுவோருக்கும் தூண்ட முயல்வோருக்கும் ஆயுட்காலம் வரையிலான தீவாந்தர தண்டனை (நாடு கடத்தல்) அல்லது மூன்று ஆண்டுகள் வரையிலான சிறைத் தண்டனை என்று அது விதித்தது. அரசின் நடவடிக்கைகளை ஏற்க மறுத்துக் கருத்துச் சொல்வது, அரசுக்குக் கீழ்ப்படியும் மனநிலையோடு சேர்ந்திருக்கும்வரை குற்றமாகாது என்ற ஒரு விளக்கமும் அதனுடன் இணைக்கப்பட்டது. கீழ்ப்படியும் மனநிலை ஒருவருக்கு இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு நீதிபதியிடம் விடப்பட்டது.

அதே ஸ்டீஃபன், தாயகம் திரும்பியபின் 1883-இல் வெளியிட்ட இங்கிலாந்துக் குற்றவியல் சட்ட வரலாற்றில், ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு பார்வைகளை எடுத்துரைக்கிறார். ஆள்பவர் மேலானவர், இயல்பிலேயே அறிவுடையவர், ஆளப்படுபவர் அவரை வெளிப்படையாகக் குறைகூறுவது தகாது என்பது ஒரு பார்வை. ஆள்பவர் மக்களின் முகவரும் ஊழியரும் ஆவார், மக்களே எசமானர்கள், ஊழியனிடம் குறை கண்டால் அதைச் சொல்ல எசமானருக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவது பார்வையை முழுமையாக ஏற்பவர்களுக்கு ராஜத்துரோகம் என்றொரு குற்றமே இருக்க முடியாது என்று அவர் எழுதுகிறார். இந்தியாவில் அந்தக் குற்றத்தைச் சட்டமாக்கியவரின் சொற்கள் இவை. இங்கிலாந்தில் அது சிறு குற்றங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் நாட்டவரே ஜூரர்களாக அமர்ந்து அதை விசாரித்தார்கள். கலகத்தைத் தூண்டும் நோக்கம் இருந்ததா என்பதே அங்கே கேள்வியாக இருந்தது. ஒரே மொழி பேசும் ஒரே சட்ட மரபு, கடல் கடந்ததும் வேறொரு முகம் கொண்டதற்கு, இந்தியாவில் ஆள்பவர் ஊழியர் அல்லர் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தப் பிரிவு பயன்படாமல் கிடந்தது. பெண்களின் பாலுறவு இசைவு வயதை உயர்த்தும் மசோதாவைக் கண்டித்து எழுதிய வங்க ஏடான 'பங்கபாசி'யின் மீது 1891-இல் முதல் வழக்குத் தொடரப்பட்டது. ஜூரர்கள் ஒருமித்த முடிவுக்கு வராததாலும், ஏட்டினர் மன்னிப்புக் கேட்டதாலும் அது கைவிடப்பட்டது. சட்டத்துக்கு உண்மையான பல் முளைத்தது 1897-இல், பம்பாயில் திலகர் மீது நடந்த வழக்கில். புனேயில் பிளேக் நோய்த் தடுப்பு என்ற பெயரில் வீடுகளுக்குள் புகுந்து நடந்த கெடுபிடிகளால் மக்கள் கொதித்திருந்த நேரத்தில், 'கேசரி' ஏட்டில் சிவாஜி பேசுவதுபோல் அமைந்த ஒரு கவிதையும், அஃப்சல்கானைச் சிவாஜி கொன்றது நியாயமா என்ற விவாதத்தைப் பற்றிய செய்தியும் வெளிவந்தன. ஒரு வாரத்தில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அந்தக் கொலையில் திலகருக்குத் தொடர்பு இருந்ததாக அரசு வழக்குத் தொடரவில்லை. எழுத்து மட்டுமே வழக்கின் பொருளாக இருந்தது. நீதிபதி ஆர்தர் ஸ்ட்ராச்சி ஜூரர்களுக்கு விளக்கம் சொன்னபோது, 'டிஸ்அஃபெக்ஷன்' என்றால் அன்பு இல்லாமை என்றார். வெறுப்பு, பகை, பிடிக்காமை, இகழ்ச்சி என எந்த வகைத் தீய எண்ணமும் அதில் அடங்கும். அதன் அளவு கூடுதலா குறைவா என்பது பொருட்டன்று. கலகம் நடந்ததா, நடக்க வாய்ப்பிருந்ததா என்பதும் பொருட்டன்று என்பது அவர் கொண்ட பொருள். ஒன்பது ஜூரர்களில் ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர், இந்தியர் மூவர் குற்றமற்றவர் என்றனர். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. மறு ஆண்டே சட்டமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தி, வெறுப்பு, அவமதிப்பு என்ற சொற்களையும் சேர்த்து, விசுவாசமின்மையும் எல்லா வகைப் பகையுணர்வும் குற்றத்தில் அடங்கும் என்று எழுதிவைத்தது. ஒரு நீதிபதியின் விளக்கமாக இருந்தது 1898-இல் சட்டத்தின் வாசகமாகிவிட்டது.

இந்த விளக்கத்தின் முழு எடையையும் தாங்கியவர்கள் பத்தாண்டுகள் கழித்துத் தூத்துக்குடியில் இருந்தார்கள்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்து, வக்கீல் தொழில் பார்த்துவந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசி நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்த மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்பது திட்டம். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கியதும், அதுவரை அந்தத் தடத்தில் தனியாட்சி செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும், வத்தலக்குண்டிலிருந்து வந்து அவருடன் தங்கியிருந்த சுப்பிரமணிய சிவாவும் மாலை தோறும் கூட்டங்களில் பேசினார்கள். ஆலை நிர்வாகம் மார்ச் முதல் வாரத்தில் இறங்கிவந்து கூலி உயர்வுக்கு இசைந்தது. வெள்ளையர் நிர்வகித்த ஆலையில் கூலிக்காரர்கள் வென்றது, சுதேசிப் பேச்சுக்கு அதுவரை இல்லாத ஒரு கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது. கப்பலைக் கண்டு பொறுத்திருந்த மாவட்ட நிர்வாகத்தால் இதைப் பொறுக்க முடியவில்லை என்பதே நிகழ்ச்சிகளின் வரிசை காட்டும் உண்மை.

அடுத்து நிகழ்ந்ததிலும் ராஜத்துரோகச் சட்டத்தின் நிழல் உண்டு. கல்கத்தாவில் 1907-இல் 'வந்தே மாதரம்' ஏட்டின் மீது நடந்த வழக்கில் அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்ததற்காக விபின் சந்திர பாலுக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. 1908 மார்ச் 9-இல் அவர் விடுதலையாகும் நாளைக் கொண்டாடத் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஏற்பாடாயிற்று. கலெக்டர் விஞ்ச் அதைத் தடுக்க முயன்றார், கூட்டங்கள் நடந்தன. மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. கூட்டம் நகராட்சி அலுவலகத்தையும் அஞ்சலகத்தையும் காவல் நிலையத்தையும் தாக்கித் தீ வைத்தது. போலீசார் சுட்டதில் நால்வர் இறந்தார்கள். பின்னர்த் தண்டக் காவல்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊர்மக்களிடமே வரியாகப் பெறப்பட்டது. எந்தப் பேச்சுகளுக்காக வ.உ.சி. விசாரிக்கப்பட்டாரோ அவையெல்லாம் அவர் கைதாவதற்கு முன் பேசப்பட்டவை. அந்தப் பேச்சுகளின் விளைவாகத் தூத்துக்குடியில் கலகம் எதுவும் மூளவில்லை. கலகம் மூண்டது அவரைக் கைது செய்த பிறகு, வேறு ஊரில். சட்டத்தின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தென்படவே இல்லை. தென்பட வேண்டியதில்லை என்பதுதானே 1897-இல் ஸ்ட்ராச்சி சொன்னது.

கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ. எஃப். பின்ஹே வழக்கை விசாரித்தார். கூட்டங்களில் நின்று போலீசார் எடுத்த குறிப்புகளும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புமே முக்கியச் சான்றாக அமைந்தன. தமிழ் மேடைப் பேச்சு என்பது கேட்பவரின் தலையசைப்பையும் பேசுபவரின் குரல் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு பொருள் கொள்வது. அதைக் காவலர் ஒருவர் தமக்குப் பிடிபட்ட அளவில் எழுதி, அது பிறகு வேறொரு மொழிக்கு மாறி, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆள்வோர் இனத்து நீதிபதி ஒருவர் முன் வைக்கப்பட்டு, பேசியவரின் மனத்தில் அரசின்மீது அன்பு இருந்ததா என்று அதிலிருந்து கண்டறியப்படுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். பம்பாய் வழக்கில் பெயருக்காவது ஜூரர்களில் மூன்று இந்தியர்கள் இருந்தார்கள்.

1908 ஜூலை 7-இல் தீர்ப்பு வந்தது. ராஜத்துரோகப் பேச்சுக்காக வ.உ.சி.க்கு ஆயுள் முழுவதற்கும் தீவாந்தர தண்டனை. சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு முறை அதே தண்டனை. ஆயுள் என்பதை இருபது ஆண்டுகளாகக் கணக்கிடும் அன்றைய வழக்கப்படி, இரண்டும் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சிவாவுக்குப் பத்து ஆண்டுகள். எவரையும் அடிக்காத, எவரையும் அடிக்கச் சொன்னதாகக்கூட நிறுவப்படாத முப்பத்தைந்து வயது வக்கீல் ஒருவருக்கு, கொலைகாரனுக்குக் கிடைக்கக்கூடியதற்குச் சமமான தண்டனை கிடைத்தது.

லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லியே இந்தத் தீர்ப்பைக் கண்டு திடுக்கிட்டார் என்பது பலரும் அறியாத செய்தி. அவர் வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதிய கடிதத்தில், ராஜத்துரோகத்துக்காக இந்தியாவில் விதிக்கப்படும் தண்டனைகளை ஆழ்ந்த கவலையோடு பார்த்துவருவதாகவும், திருநெல்வேலிக்காரர்கள் இருவருக்கும் விதிக்கப்பட்ட தண்டனைகள் எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாதவை என்றும் குறிப்பிட்டார். ஒழுங்கைக் காக்க வேண்டியதுதான், ஆனால் அளவுகடந்த கடுமை ஒழுங்குக்குச் செல்லும் வழியன்று, அது வெடிகுண்டுக்குச் செல்லும் வழி என்பது அவர் எழுத்தின் சாரம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1911 ஜூன் 17-இல், மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். கப்பல் கம்பெனிக்கு எதிரான நடவடிக்கைகளின்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர் ஆஷ்.

மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதி செய்தாலும் தண்டனையை வெகுவாகக் குறைத்தது. ஆயினும் 1912 டிசம்பர் வரை வ.உ.சி. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையில் இருந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த கல் செக்கு இன்று சென்னைக் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. சிறை முடிந்தும் தண்டனை முடியவில்லை. வக்கீல் தொழிலுக்கான உரிமமாகிய சன்னது பறிபோயிருந்தது. கப்பல்களை இழந்து கம்பெனி 1911-இல் கலைந்திருந்தது. வெளியே வந்தவர் வறுமையோடு மல்லாட வேண்டியிருந்தது. சன்னது திரும்பக் கிடைக்க உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று இட்டார். அந்த நன்றியுணர்வை நினைக்கும்போது, இவர் மனத்தில்தான் துவேஷம் இருந்ததாக ஒரு நீதிமன்றம் முடிவு செய்ததே என்ற எண்ணம் எழாமல் இல்லை. சிவா சிறையிலிருந்து தொழுநோயுடன் திரும்பினார். அந்த உடலோடும் மீண்டும் பேசினார், மீண்டும் சிறை சென்றார், 1925-இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார்.

ராஜத்துரோக வழக்கு என்றதும் நீதிமன்றக் கூண்டும் தீவாந்தர தண்டனையும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் படித்த அளவில், காலனி ஆட்சி எழுத்தை அடக்கப் பயன்படுத்திய வலிமையான கருவிகள் அவையல்ல. 124-ஏ வழக்கில் அரசுக்கு ஒரு தொல்லை உண்டு: குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பேசுவார், அவர் பேசியதை நாளேடுகள் அச்சிடும், தண்டனை பெற்றவர் தலைவராகிவிடுவார். 1908 ஜூலை 22-இல் திலகருக்கு ஆறு ஆண்டு தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகவே ஓசையில்லாத வழிகளும் அரசுக்குத் தேவைப்பட்டன.

அவற்றுள் மிகப் பழையது 1867-ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம். அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார் என்று மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதற்குமேல் அது எதுவும் கேட்கவில்லை. பார்வைக்கு வெறும் அலுவலக நடைமுறை. ஆனால் ராஜத்துரோக வழக்கு வந்தால் பிடிக்க வேண்டிய ஆள் தயாராக இருப்பார். சென்னையில் வெளிவந்த 'இந்தியா' வார ஏட்டில் எழுத்துக்கு உயிர் கொடுத்தவர் பாரதி; பணம் போட்டது மண்டயம் குடும்பத்தினர்; அரசிடம் பதிவாகியிருந்த பெயர் எம். சீனிவாசன். 1908 ஆகஸ்டில் அவர்தான் கைதானார். ஐந்து ஆண்டுத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் இந்திய தண்டனைச் சட்டம் செல்லாது. ஏடு அங்கிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசு புதுச்சேரி அச்சகத்தைத் தொட முடியாமல், ஏடு தன் எல்லைக்குள் நுழைவதைத் தடுத்தது. வாசகர் இல்லாத ஏடு எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சில் நின்றுவிட்டது. அதே 1908 ஆகஸ்டில்தான் 'சுதேசமித்திர'னை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். கடும் நோயுற்றிருந்த அவர், இனி நன்னடத்தையோடு இருப்பதாக உறுதியளித்து விடுதலை பெற வேண்டியிருந்தது. முப்பதாண்டு எழுத்துக்குப் பின் அந்த முதியவர் அந்தத் தாளில் கையெழுத்திட்டதை எவரும் கோழைத்தனம் என்று சொல்லத் துணியக் கூடாது. நோயுற்ற மனிதனின் முன் அந்தத் தாளை நீட்டியதுதான் பேசப்பட வேண்டியது.

1907-இல் கூட்டங்களைத் தடை செய்ய ஒரு சட்டம், 1908-இல் அச்சகங்களைப் பறிமுதல் செய்ய ஒரு சட்டம் என்று வந்தபின், 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் இந்த வலையை முழுமையாக்கியது. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். வெளியானது அரசுக்குப் பிடிக்காவிட்டால் அந்தத் தொகை போய்விடும். மீண்டும் தொடங்க 1,000 முதல் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். இரண்டாம் முறையும் தவறினால் அச்சகமே பறிபோகும். இதில் ஜூரர் இல்லை, சாட்சி இல்லை, கூண்டில் நின்று பேசும் வாய்ப்பும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம்; ஆனால் தன் எழுத்து குற்றமற்றது என்று நிறுவும் சுமை முறையிடுபவர் தலையில் இருந்தது. சிறிய அச்சகம் வைத்திருந்த ஒருவருக்கு அன்று 2,000 ரூபாய் என்பது அவருடைய மொத்த முதல். ஆகவே எழுத்தாளர் எழுதுமுன்பே அச்சகக்காரர் தயங்கினார். தயங்கியதால் அச்சாகாமல் போன பக்கங்களுக்கு எந்த ஆவணக் காப்பகத்திலும் கணக்கு இல்லை. அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' நாளேட்டிடம் 1916-இல் முதலில் 2,000 ரூபாய் கேட்கப்பட்டது. அது பறிமுதலானபின் 10,000 ரூபாய் கேட்கப்பட்டது. பெசன்ட் அம்மையாருக்கு அதைக் கட்டவும் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில்வரை வழக்காடவும் வசதியிருந்தது. அவருக்கே அங்கு வெற்றி கிடைக்கவில்லை. 1917 ஜூனில் அவர் விசாரணையின்றி உதகையில் காவலில் வைக்கப்பட்டார்.

குற்றமே செய்யாதவரிடம் நன்னடத்தை ஜாமீன் கேட்கும் வழியும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் இருந்தது. 1916-இல் திலகரிடம் 20,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையும் தலா 10,000 ரூபாய்க்கு இரு ஜாமீன்தாரர்களும் கேட்கப்பட்டது இதன்படிதான். ஜின்னா வாதாடி, உயர் நீதிமன்றத்தில் அந்த ஆணையை நீக்கச் செய்தார்.

1922 மார்ச் 18-இல் அகமதாபாதில் காந்தி நீதிபதி புரூம்ஃபீல்டின் முன் நின்றபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரசின்மீது அன்பில்லாமையைப் பரப்புவது தமக்கு ஏறக்குறைய ஒரு வேட்கையாகிவிட்டது என்றார். குடிமக்களின் சுதந்திரத்தை நசுக்க வகுக்கப்பட்ட அரசியல் பிரிவுகளுள் 124-ஏ இளவரசன் போன்றது என்றும், அன்பைச் சட்டத்தால் உண்டாக்கவோ ஒழுங்குபடுத்தவோ முடியாது என்றும் அவர் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராச்சி தந்த விளக்கத்தை அவர் எதிர்த்து வாதாடவில்லை. அதை அப்படியே ஏற்று, அதன்படி தாம் குற்றவாளி என்று காட்டினார். அவருக்கு ஆறு ஆண்டுகள் விதிக்கப்பட்டன.

தமிழகத்தில் இந்தப் பிரிவு காங்கிரஸ்காரர்களோடு நிற்கவில்லை. 1933-இல் அன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று 'குடி அரசு' ஏட்டில் தலையங்கம் எழுதியதற்காகப் பெரியாரும், ஏட்டின் வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் 124-ஏ பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டார்கள். எம். சீனிவாசனுக்கு நேர்ந்ததே கால் நூற்றாண்டு கழித்துக் கண்ணம்மாளுக்கும் நேர்ந்தது. பின்னர், பகத் சிங் தம் நாத்திகத்தைப் பற்றி எழுதியதைத் தமிழாக்கிய ப. ஜீவானந்தமும் அதை வெளியிட்ட ஈ. வெ. கிருஷ்ணசாமியும் இதே பிரிவில் சிக்கினார்கள். கடவுள் இல்லை என்ற வாதம் அரசாங்கத்தின்மீதான அன்பைக் குறைக்கும் என்று ஒரு நிர்வாகம் கருத முடிந்ததென்றால், அந்தப் பிரிவின் எல்லை எங்கே இருந்தது என்று தேடுவது வீண்.

அதைவிட மனத்தை உறுத்துவது 1937-இல் நடந்தது. மாகாணத் தேர்தலில் வென்று சென்னையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்ற சில மாதங்களில், பம்பாயிலிருந்து வந்து பேசிய காங்கிரஸ் சோஷலிஸ்ட் பாட்லிவாலா மீது அதே 124-ஏ பிரிவில் வழக்குத் தொடரப்பட்டது. முந்தைய ஆண்டுதான் நேருவின் முயற்சியால், தாகூரைத் தலைவராகக் கொண்டு, இந்தியக் குடியுரிமைகள் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. சிறை சென்று வந்தவர்களின் கையிலும் அந்தக் கருவி அதே வேலையைத்தான் செய்தது.

பிரிட்டிஷ் ஆட்சியின் இறுதியில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒரு பிளவு தோன்றியது. 1942-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மாரிஸ் கிவையர், அரசாங்கங்களின் காயப்பட்ட பெருமிதத்துக்கு மருந்திடுவதற்காக இந்தக் குற்றம் வகுக்கப்படவில்லை என்றும், பொது ஒழுங்கு குலைவதோ குலைவதற்கான நியாயமான வாய்ப்போ இருந்தால்தான் அது குற்றமாகும் என்றும் தீர்ப்பளித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், பிரிவி கவுன்சில் அது தவறு என்று சொல்லிப் பழைய விளக்கத்தையே நிலைநாட்டியது. வெளியேறும் ஆட்சி விட்டுச்சென்ற சட்ட நிலை, ஸ்ட்ராச்சியின் நிலைதான்.

அரசியல் நிர்ணய சபை இதை அறிந்தே செயல்பட்டது. பேச்சுரிமைக்கான வரம்புகளில் ஒன்றாக வரைவில் இருந்த ராஜத்துரோகம் என்ற சொல், கே. எம். முன்ஷி 1948 டிசம்பரில் கொண்டுவந்த திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆனால் தண்டனைச் சட்டத்தின் பிரிவு நீக்கப்படவில்லை. அது அருவருக்கத்தக்கது, எவ்வளவு விரைவில் ஒழிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நேரு 1951-இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர் ஆட்சிக்காலம் முழுவதும் அது நீடித்தது. 1962-இல் உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில், கிவையரின் விளக்கத்தை ஏற்று, வன்முறைக்கோ பொது ஒழுங்கின் குலைவுக்கோ தூண்டுதல் இருந்தால் மட்டுமே குற்றம் என்று வரம்பு கட்டிப் பிரிவைக் காப்பாற்றியது. வாசகம் மாறவில்லை. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதுபவரின் மேசையில் இருந்தது பழைய வாசகமே. 1973-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, பிடியாணை இன்றியே கைது செய்யும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சியில்கூட இந்தக் குற்றத்துக்கு அந்த அதிகாரம் காவலருக்குத் தரப்பட்டிருக்கவில்லை.

அதன் விளைவை, வ.உ.சி. தண்டிக்கப்பட்ட அதே திருநெல்வேலி மாவட்டமே பார்த்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011-லும் 2012-லும் போராடிய இடிந்தகரையைச் சேர்ந்தவர்களும் சுற்றியுள்ள ஊர்களின் மக்களும், பெரும்பாலும் மீனவக் குடும்பத்தினர், ஆயிரக்கணக்கில் 124-ஏ வழக்குகளில் சேர்க்கப்பட்டார்கள். தங்கள் கடலும் தங்கள் குழந்தைகளின் உடல்நலமும் என்ன ஆகுமோ என்று அஞ்சிப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களை நாளேடுகள் தேசத்துரோக வழக்கில் உள்ளவர்கள் என்று எழுதின. கட்டுரையின் தொடக்கத்தில் அந்தச் சொல்லைப் பற்றி நான் இவ்வளவு பேசியதற்குக் காரணம் அவர்கள்தாம்.

2022 மே 11-இல் உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவின்கீழ் உள்ள வழக்குகளை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் ராஜத்துரோகம் என்ற குற்றம் இல்லை. அரசாங்கத்தின்மீது வெறுப்பைத் தூண்டுவது பற்றியும் எதுவும் இல்லை. அதன் 152-ஆவது பிரிவு, நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஊறு செய்வதைப் பற்றிப் பேசுகிறது. ஆயுள் தண்டனை அல்லது ஏழு ஆண்டுகள் வரையிலான சிறை விதிக்கிறது. அந்தப் பிரிவின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால், பிரிவினை நடவடிக்கைகளுக்கான 'உணர்வுகளை' ஊக்குவிப்பதும் அதில் குற்றமாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அரசின் நடவடிக்கைகளை ஏற்க மறுத்துக் கருத்துச் சொல்வது குற்றமாகாது என்று, 1870-இல் ஸ்டீஃபன் இணைத்த விளக்கத்தின் வழிவந்த ஒரு வாசகமும் அதன் அடியில் இருக்கிறது.